கித்தாக் காட்டுக்குள் வந்த கித்தார்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர் வகுப்பறை வாசலில் வந்து நிற்பதுண்டு. தேர்ச்சி அறிக்கையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, சற்றுத் தயங்கி, “டீச்சர், பிள்ளை கித்தார் கேட்கிறாள். எது வாங்கலாம்?” என்பார்கள். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் இசைக்கல்வியும் பயின்றவள் என்பதாலும், பள்ளியில் இசைப்பாடம் என் பொறுப்பில் இருப்பதாலும் இக்கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்: பிள்ளையின் உடலுக்கு ஏற்ற சிறிய கித்தாராக, நைலான் கம்பி பூட்டியதாக வாங்குங்கள். ஆனால், இவ்விடையைக் கேட்டதும் பலருக்கும் முகம் வாடிவிடுகிறது. “சின்னதா? அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்குமே டீச்சர். வளர்கிற பிள்ளை, பெரியதாகவே வாங்கிவிட்டால் காலத்துக்கும் இருக்கும் அல்லவா?” என்று இழுப்பார்கள்.

பள்ளிச் சீருடையை இரண்டு அளவு பெரியதாக வாங்கி, ஓரத்தை மடித்துத் தைத்து, ஆண்டுதோறும் பிரித்துவிடும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். தோட்டப்புறத்துப் பிள்ளைகள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதே கணக்கைக் கித்தாருக்கும் போடுகிறோம். கித்தார் என்றால் பெரிய உடம்பும் உருக்குக் கம்பியுமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே எப்படி ஊன்றியது? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் ‘கிட்டார்’ என்று எழுதுவர். மலாய்மொழியில் ‘கித்தார்’ என்பதால் நாமும் பெரும்பாலும் அப்படியே சொல்கிறோம். பழைய கிரேக்க மொழியின் ‘கித்தாரா’ என்னும் நரம்புக் கருவியின் பெயர்தான் அரபு, இசுபானியம் எனப் பல மொழிகளைக் கடந்து இவ்வடிவில் வந்தது. நம் நாட்டுத் தமிழில் இதற்கு மிக நெருக்கமாக ஒலிக்கும் இன்னொரு சொல் உண்டு. ரப்பரை நம் பாட்டன் பாட்டிமார் ‘கித்தா’ என்றார்கள். ‘கெத்தா’ என்னும் மலாய்ச்சொல்லின் திரிபு அது. கித்தா மரம், கித்தாப் பால், கித்தாக் காடு. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் நாற்றுகளுள் சில நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஹியூ லோ அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாக இருந்தார். அந்த நாற்றுகளின் வழி வந்த காடுகளுக்குள்தான் நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். கித்தாவும் கித்தாரும் சொல்லளவில் உறவில்லாதவை. ஆயினும் ஒன்றன் நிழலில்தான் மற்றொன்று நமக்கு அறிமுகமானது.

சிறிய கருவி தாழ்ந்தது என்னும் எண்ணம் தமிழருக்குப் பழமையானதும் அன்று. ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பத்துப்பாட்டு நூல்களின் பெயர்களைச் சொல்லும்போது, ‘சிறுபாணாற்றுப்படை’ என்றால் சின்னப் பாணர்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்! சீறியாழ் என்னும் சிறிய யாழை வாசித்தோர் சிறுபாணர். பேரியாழ் வாசித்தோர் பெரும்பாணர். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆற்றுப்படை. நத்தத்தனார் பாடியது முன்னது. உருத்திரங்கண்ணனார் பாடியது பின்னது. சிறிய யாழைத் தூக்கிக்கொண்டு நல்லியக்கோடனைத் தேடிச் சென்ற பாணன், பெரிய யாழ் வாங்க வசதியில்லாமல் சென்றவன் அல்லன். அது தனக்கென ஒலியும் மரபும் உடைய கருவி. நாகசுரத்திலும் திமிரி, பாரி என இரு வகை உண்டு. திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. நீண்ட பாரியைப் பெரிதும் வழக்கில் கொண்டுவந்தவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. அதற்கு முன் மேடைகளில் ஒலித்த திமிரியை எவரும் குழந்தைகளின் கருவி என்று சொன்னதில்லை.

கித்தாரின் கதையும் இத்தகையதே. 16ஆம் நூற்றாண்டில் இசுபானியத்திலும் பிரான்சிலும் வாசிக்கப்பட்ட கித்தார் நான்கு வரிசைக் கம்பிகளோடு மிகச் சிறியதாக இருந்தது. பின்னர் ஐந்து வரிசையானது, பிறகு ஆறானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரில் ‘டெர்ஸ்’ கித்தார் என்று ஒன்று புழங்கியது. வழக்கமான கித்தாரைவிட அளவில் சிறியது. சுருதியில் மூன்று அரைச்சுரம் உயர்ந்தது. மௌரோ ஜூலியானி என்னும் பெருங்கலைஞர் இந்தச் சிறிய கித்தாருக்கென்றே ஒரு கச்சேரி இசை எழுதினார். அதன் கம்பி நீளம் இன்று கடைகளில் சிறுவருக்காக விற்கப்படும் அரை அளவுக் கித்தாருக்கு ஏறக்குறைய நெருங்கியது. வியன்னாவின் அரங்குகளில் அதை வாசித்தவர்கள் வளர்ந்தவர்கள்தாம்.

இன்று நாம் ‘முழு அளவு’ என்று சொல்வது அந்தோனியோ தெ தொரெஸ் (1817–1892) என்னும் இசுபானியத் தச்சர் நிலைநிறுத்திய அளவாகும். கம்பியின் அதிரும் நீளம் 650 மில்லிமீட்டர். வளர்ந்த ஒருவரின் கையை மனத்தில் வைத்து அமைந்த அளவு அது.

மலாயாவுக்குச் சிறிய கித்தார் இனம் மிக முன்பே வந்துவிட்டது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் சிறு நரம்புக் கருவிகள் இப்பகுதித் துறைமுகங்கள் தோறும் வேர்விட்டன. பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அருகிலுள்ள தூகு என்னும் சிற்றூரில் போர்த்துகீசிய வழித்தோன்றல்கள் பேணிய குரோஞ்சோங் இசை அந்த மரபில் வந்தது. அதே பெயர் கொண்ட சின்னக் கித்தார் அதன் உயிர்நாடி. போர்த்துகலின் மடேரா தீவிலிருந்து 1879இல் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பலில் ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்றவர்கள் கொண்டுபோன சிறு கருவியோ அங்கே உக்குலேலே ஆயிற்று. கரும்புத் தோட்டத்துக்குச் சென்ற கூலித் தொழிலாளரிடமிருந்து பிறந்த கருவி என்பதால் அதன்மீது எனக்குத் தனியான பரிவு உண்டு. நம் கலைஞர் பி. ரம்லியும் (1929–1973) சிறுவயதில் உக்குலேலே வாசித்தவரே.

ஆக, இந்த மண்ணுக்குச் சிறிய கித்தார் புதிதன்று. பெரியதுதான் பின்னர் வந்தது. அது வந்த கதை சுவையானது.

அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல் ஒரு கடைக்காக மிகப் பெரிய உடம்புடைய கித்தார் ஒன்றைச் செய்து கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் ‘டிரெட்நாட்’. 1906இல் பிரிட்டிஷ் கடற்படை மிதக்கவிட்ட பெரும் போர்க்கப்பலின் பெயர் அது! பல பாடகர்களுக்குத் துணையாக, கூட்டத்தில் எடுபடும் அளவுக்கு ஒலி வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட உடம்பு. பின்னர் உருக்குக் கம்பிகளோடு சேர்ந்து உலகம் முழுவதும் பரவியது. இன்று கடையில் தொங்கும் சாதாரண உருக்குக் கம்பிக் கித்தார்களில் பெரும்பான்மை இந்த வடிவம்தான். போர்க்கப்பல் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் பிரிட்டனுக்கு ‘எச்.எம்.எஸ். மலாயா’ என்னும் போர்க்கப்பல் ஒன்று கட்டிக் கொடுக்கப்பட்டது. 1915இல் கடலில் இறக்கப்பட்டது. ஈயமும் கித்தாவும் செழித்த காலம் அது. அந்தக் கப்பலுக்கும் கித்தாருக்கும் தொடர்பில்லை. ஆனால், ஏழு வயதுப் பிள்ளையின் மடியில் ‘டிரெட்நாட்’ ஒன்றை வைக்கும்போது எதை வைக்கிறோம் என்று பெற்றோர் ஒரு நொடி எண்ணிப் பார்க்கலாம்.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷேடோஸ்’ குழுவும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தினர். அதன் பின்னர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இளைஞர் கித்தார்க் குழுக்கள் காளான்கள்போல் முளைத்தன. ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’ என்பதைச் சுருக்கி அவற்றைக் ‘கூகிரான்’ என்றார்கள். அவர்கள் இசைத்தது ‘பொப் யே யே’. மலாய், சீன, இந்திய இளைஞர் யாவரையும் அந்த அலை தொட்டது. பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்களான டேவிட்டும் லோகநாதனும் ‘அலிகேட்ஸ்’ குழுவின் வழி மலாய்ப் பாடல்களில் நாடறிந்தவர்கள் ஆனார்கள். லோகநாதன் 2007இல் மறைந்தபோது எல்லா இனத்தவரும் கண்ணீர் விட்டதை நாம் அறிவோம்.

நகரத்தில் மின்கித்தார். தோட்டத்துக்கு அது எட்டாது. மின்சாரமே நேரம் பார்த்து வந்துபோன காலம். தோட்டத்துக்கு வந்தது ‘காப்போக்’.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. சீனாவிலிருந்து வந்த மலிவான கித்தார் வகை ஒன்றின் வணிகப் பெயர் அது. மலேசியாவில் அது பொதுப்பெயராகவே மாறி, மின்சாரம் இல்லாத கித்தார் எதுவாயினும் ‘கித்தார் காப்போக்’ என்று மலாய்க்காரர் சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. காப்போக் என்றால் இலவம்பஞ்சு மரம். இலவ மரத்தின் சிவந்த பூ குவாங்சௌ நகரின் சின்னமாகும். “இலவு காத்த கிளி” என்று பழமொழி சொல்லி வளர்ந்த நமக்கு, பிள்ளை வளர்ந்து கைக்கு எட்டும் என்று பெரிய காப்போக்கைச் சுவரில் மாட்டி வைத்துக் காத்திருக்கும் தகப்பனைப் பார்த்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை!

நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். எண்பதுகளில் எங்கள் லயத்தில் ஒரே ஒரு காப்போக் இருந்தது. அது யாருடையது என்று கேட்டால் மூன்று அண்ணன்மார் உரிமை கொண்டாடுவார்கள். பங்கு போட்டு வாங்கியது போலும். மாலையில் வேலை முடிந்து குளித்துவிட்டு, பாலத்துத் திண்டில் அமர்ந்து வாசிப்பார்கள். தோட்டத்தின் பழைய இசை வேறு. திருவிழாவுக்கு உறுமியும் தப்பும். பஜனைக்கு ஆர்மோனியமும் தபேலாவும். கித்தார் புதியது, அது திரைப்படத்தின் வழியாகவும் வானொலியின் வழியாகவும் வந்தது. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு இளையராஜாவின் பாடல்கள் தோட்டத்து மாலைகளை நிறைத்துக்கொண்டன. அவர் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்று, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார்த் தேர்விலும் தேறியவர்; பிறர் இசைக்குழுக்களில் கித்தார் வாசித்தே பல்லாண்டு உழைத்தவர். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலில் ஆர். சந்திரசேகர் வாசித்த கித்தாரை வாசிக்க முயலாத தோட்டத்து இளைஞன் இருந்திருப்பானா என்பது ஐயமே. அண்ணன்மார் முயன்றார்கள். முதல் சில சுரங்கள் வரும், பிறகு நின்றுவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

ஏன் நின்றது? அப்போது எனக்குத் தெரியாது. இன்று அந்த வகைக் கித்தாரைக் கையில் எடுத்தால் காரணம் விளங்குகிறது. உருக்குக் கம்பிகள் மரத்தைவிட்டு மிக உயரத்தில் நிற்கும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கழுத்து மெல்ல வளைந்து, கம்பி இன்னும் எழும்பிவிடும். கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி விரலை அறுக்கும். உளி பிடித்து மரம் சீவிக் காய்த்துப்போன கைகளே அதை அழுத்தத் தடுமாறின. மூன்று பேரில் இருவர் சில மாதங்களில் விட்டுவிட்டார்கள். தங்களுக்கு இசை ஞானம் இல்லை என்று தாங்களே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்கள். குற்றம் ஞானத்தில் இல்லை. கம்பியின் உயரத்தில் இருந்தது. இன்றுவரை எனக்கு ஆறாத வருத்தம் அது. அந்தக் கித்தாரைச் சிறுவர் தொடக்கூடாது; பெண்பிள்ளைகள் தொடுவது பற்றிப் பேச்சே இல்லை. நாங்கள் மில்லோ டின்னைத் தட்டித் தாளம் போட்டோம். தப்படிப்பவரின் மகன் பிஸ்கட் டின்னில் பழகினான். அளவுக்கேற்ற கருவி அவன் ஒருவனுக்குத்தான் கிடைத்தது எனலாம்.

பிறகு தோட்டங்கள் கை மாறின. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. மக்கள் ஈப்போவைச் சுற்றிய தாமான்களுக்குப் பெயர்ந்தனர். அன்று பாலத்துத் திண்டருகே நின்று கேட்டவர்கள்தாம் இன்றைய பெற்றோர். தமக்குக் கிடைக்காததைத் தம் பிள்ளைக்கு வாங்கித் தர விரும்புகிறார்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் கித்தாரின் உருவம் அந்தக் காப்போக்கின் உருவமே. ஆகவே, அதைப் போன்ற ஒன்றை வாங்கி வருகிறார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கதையைச் சொல்ல வேண்டும். தகப்பனார் கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த பணத்தில் பெரிய உருக்குக் கம்பிக் கித்தார் வாங்கித் தந்திருந்தார். புறப்பாட நாளில் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். மடியில் வைத்ததும் அவளுடைய வலது தோள் காதுவரை உயர்ந்தது. கை கித்தாரின் மேல் விளிம்பில் தொங்கியதே தவிரக் கம்பிக்கு எட்டவில்லை. இடக்கையை முதல் மெட்டுக்கு நீட்ட உடம்பையே சாய்த்தாள். (வீணையில் மெட்டு என்பதையே கித்தாரின் உலோகப் பட்டைகளுக்கும் சொல்கிறேன்.) ஒரு கம்பியை அழுத்தினாள், ஒலி எழவில்லை. இன்னும் அழுத்தினாள், கண் கலங்கியது. “எனக்கு வரலை டீச்சர்” என்றாள். பாலத்துத் திண்டில் அண்ணன்மார் சொன்ன அதே சொல்! ஏழு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதை மாற்ற எத்தனை ஆண்டு ஆகும்? தகப்பனாருக்கோ, இவ்வளவு செலவு செய்தும் மகள் தொடுவதில்லையே என்ற மனக்குறை. இருவர் மீதும் பிழையில்லை. நண்பர் ஒருவரிடமிருந்து அரை அளவு நைலான் கித்தார் ஒன்றை இரவல் வாங்கித் தந்தேன். அடுத்த வாரமே இரண்டு விரலில் ஒரு சுரக்கூட்டு வாசித்துக் காட்டினாள்.

நம் பள்ளி இசைப்பாடத்திலேயே இதற்கான பாடம் இருக்கிறது. 1983இல் கேபிஎஸ்ஆர் கலைத்திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது தொடக்கப்பள்ளிக்கு இசைக்கல்வியும் வந்தது. மேல்நிலை வகுப்புகளில் ரெக்கார்டர் ஊதக் கற்பித்தோம். ரெக்கார்டரில் பல அளவுகள் உண்டு. நான்காம் ஆண்டுப் பிள்ளையிடம் சொப்ரானோ என்னும் சிறியதைத்தான் கொடுக்கிறோம். பெரிய தெனரைக் கொடுத்து, “வளர்ந்தால் விரல் எட்டும்” என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை.

ஜப்பானின் ஷினிச்சி சுசுகி (1898–1998) வயலின் தொழிற்சாலை நடத்தியவரின் மகன். பிள்ளைகள் தாய்மொழியை எப்படிக் கேட்டுக் கேட்டே கற்கிறார்களோ அப்படியே இசையையும் கற்க முடியும் என்றார். ‘தாய்மொழி முறை’ என்றே அதற்குப் பெயர். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இப்பெயர் இனிப்பதில் வியப்பில்லை. அவர் முறையில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் பதினாறில் ஒன்று எனப்படும் மிகச் சிறிய வயலினில் தொடங்கினர். உடல் வளர வளரக் கருவி மாறும். பேசத் தொடங்கும் பிள்ளைக்குச் சிறு சொல்லைக் கொடுப்பதுபோல்தான்.

நம் பக்கத்தில் பெருஞ்சான்று மாண்டலின் சீனிவாஸ். 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். ஆறு வயதளவில் தந்தையின் மாண்டலினைத் தானே எடுத்து வாசித்தார். குருநாதர் சுப்பராஜு மாண்டலின் வாசிக்கத் தெரிந்தவர் அல்லர். அவர் பாட, சிறுவன் கேட்டு வாசித்தான். 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி. 2014இல் நாற்பத்தைந்து வயதில் மறைந்துவிட்டார் என்பதை எண்ணினால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. மாண்டலினின் கம்பி நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர்தான். அந்த வீட்டில் பெரிய கித்தார் ஒன்று கிடந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், ஆறு வயதுக் கைக்கு மாண்டலின் எட்டியது என்பது மட்டும் உறுதி.

இனி அளவுக் கணக்கு. நான்காம் ஆண்டுக் கணிதத்தில் பின்னம் படித்த பிள்ளைகளையே ஏமாற்றும் கணக்கு இது. ‘முக்கால்’ கித்தாரின் கம்பி நீளம் ஏறக்குறைய 580 மில்லிமீட்டர். 650இல் முக்கால் பங்கைவிட மிக அதிகம், பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கம். ‘அரை’ என்பது சுமார் 530. ‘கால்’ என்பதும் 440 முதல் 480 வரை வரும். பெயர்கள் வணிக வழக்கு. அவற்றை நம்பாமல் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். தலைப்பக்கத்து வெள்ளைப் பட்டையிலிருந்து உடம்பின் மேல் கம்பி அமரும் வெள்ளைப் பட்டைவரை அளக்க வேண்டும். முழு அளவில் தலைப்பட்டையிலிருந்து மூன்றாம் மெட்டுவரை 103 மில்லிமீட்டர். அரை அளவில் 85க்கும் குறைவு. தொடக்கநிலைச் சுரக்கூட்டுகள் யாவும் இந்த இடைவெளிக்குள்தான் அமைகின்றன. ஏழு வயதுக் கைக்கு இந்த இரண்டு சென்டிமீட்டர் என்பது எட்டுவதற்கும் எட்டாமைக்கும் இடையிலான தூரம்.

பொதுவாக, ஐந்து ஆறு வயதில் கால் அளவு, ஆறு முதல் எட்டுவரை அரை, எட்டு ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை முக்கால். வயதைவிட உயரமே சரியான வழிகாட்டி. 115 சென்டிமீட்டருக்குக் கீழே கால், 130வரை அரை, 145வரை முக்கால் என்று கொள்ளலாம். இதுவும் தோராயமே. பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்துப் பார்ப்பதற்கு ஈடில்லை. வலது தோள் உயராமல் கை கம்பிக்கு வர வேண்டும்; இடது முழங்கை முழுவதும் நீளாமல் முதல் மெட்டைத் தொட வேண்டும். பிறந்தநாள் வியப்பாகப் பெட்டியில் மூடிக் கொடுக்கும் ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

கம்பிக்கும் வரலாறு உண்டு. நரம்புக் கருவி என்று நம் முன்னோர் சொன்னது வெறும் உவமையன்று. யாழில் உண்மையாகவே நரம்பு கட்டினர். ஐரோப்பியக் கித்தாரிலும் ஆட்டுக் குடலிலிருந்து முறுக்கிய நரம்பே நெடுங்காலம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்நரம்பு அறுவைச் சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் கித்தாருக்குக் கிடைக்காமல் போயிற்று. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையைக் கொண்டு கம்பி செய்தார். பெருங்கலைஞர் ஆந்திரே செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். 1940களின் பிற்பகுதியில் அது பரவியது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் பிறந்த நைலான் கம்பி இன்று சிறுவரின் விரலுக்குக் கிடைத்த பெரும் நன்மை. முழு அளவுக் கித்தாரில் ஆறு நைலான் கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 40 கிலோ. உருக்குக் கம்பிகளுக்கோ 70 கிலோவைத் தாண்டும். எனவே, நைலான் கித்தாரில் உருக்குக் கம்பி பூட்டும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பூட்டினால், கம்பியைத் தாங்கும் பாலமே பெயர்ந்து வரும்.

கடையில் பார்க்க வேண்டியவை சில. பன்னிரண்டாம் மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் வேண்டாம். கடைக்காரரிடம் சொல்லித் தாழ்த்தச் செய்யலாம். மெட்டுகளின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், கீறக்கூடாது. சுருதி முறுக்காணிகள் வழுக்கக் கூடாது, ஏனெனில் சுருதி நிற்காத கித்தார் பிள்ளையின் காதையே கெடுத்துவிடும். படப்பெட்டிபோல் வண்ணம் பூசிய, பொம்மைக் கடையில் விற்கும் கித்தார்களில் இந்தக் குறைதான் பெரியது. “விளையாட்டுச் சாமான்” என்று பெற்றோர் அஞ்சுவது இவற்றுக்கே பொருந்தும். இசைக்கருவி நிறுவனங்கள் செய்யும் அரை, முக்கால் அளவுக் கித்தார்கள் உண்மையான கருவிகள். யமஹா நிறுவனத்தின் சிறுவர் கித்தார்கள் ஈப்போவில் எளிதில் கிடைக்கும்; வேறு பெயர்களிலும் நல்லவை உண்டு. ஒட்டுப்பலகையில் செய்தது என்று யாராவது குறை சொன்னால் கவலை வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கும், பிள்ளைகள் போட்டு உடைக்கும் வேகத்துக்கும் ஒட்டுப்பலகையே தாக்குப்பிடிக்கும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை கேட்டால் உக்குலேலே வாங்கலாம். நான்கே கம்பிகள், அவற்றில் கற்கும் விரலமைப்பு வீண்போகாது. கித்தாரின் மெல்லிய நான்கு கம்பிகளில் அதே அமைப்புகள் பொருந்தும். சுருதி மட்டும் வேறுபடும். ஆறு கம்பிகளோடு உக்குலேலே உடம்பு கொண்ட ‘கித்தாலேலே’யும் இருக்கிறது, கம்பி நீளம் 433 மில்லிமீட்டர். கித்தாரைவிட ஐந்து அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கும். டெர்ஸ் கித்தாரின் பேத்தி என்று சொல்லத் தோன்றுகிறது.

செலவைப் பற்றி ஒரு சொல். சிறியதை வாங்கினால் இரண்டு ஆண்டில் மாற்ற வேண்டுமே என்பது உண்மைதான்; நம் குடும்பங்களுக்கு அது சிறிய தொகையும் அன்று. ஆனால், சிறுவர் கித்தார் தேய்ந்து போவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். ஆகவே, பயன்படுத்தியது வாங்கலாம், விற்கலாம், உறவுக்குள் மாற்றிக்கொள்ளலாம். கம்பியை மட்டும் புதிதாகப் பூட்டுங்கள்; வெயிலில் நிற்கும் வண்டியின் பின்பெட்டியில் வைக்காதீர்கள், பசை இளகிவிடும். நான் இரவல் வாங்கிய அரை அளவுக் கித்தாரை நண்பர் திருப்பிக் கேட்கவே இல்லை. அந்த மாணவிக்குப் பின் அவள் தம்பியிடம் போயிற்று. இப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவனிடம் இருக்கிறது. அவனுக்கும் அடுத்த ஆண்டு முக்கால் தேவைப்படும். யாரிடமாவது சும்மா கிடந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.